‘சமூக சேவகி’ என்று அச்சான ஒரு சான்றிதழ்

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி வட்டாரத்தில் நடந்தது இது. அதற்கு மேல் ஊர் பெயரைச் சொல்லப்போவதில்லை. எந்த ஆண்டு என்பதையும் விட்டுவிடுகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எங்கள் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரு பெண் சமூகப் பணியாளருக்கு மாவட்ட அளவில் சுதந்திர தினப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. அப்போது நான் திட்ட ஒருங்கிணைப்பாளர். விண்ணப்பத்தை எழுதியவனும் நான்தான். ஆகவே இதில் வரும் பிழைகளில் பெரும்பங்கு என்னுடையது. அவர் இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு இரண்டு இடங்களை வெட்டச் சொன்னார், வெட்டிவிட்டேன்.

பின்னணி

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். மதுரையிலேயே எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணியில் முதுகலைப் பட்டம், படித்தவர். பதினான்கு ஆண்டு கள அனுபவம், அதில் கடைசி ஆறு ஆண்டு எங்களோடு. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள், குழந்தைத் திருமணம், வீட்டு வன்முறை என்று எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். ஊருக்குள் அவரை ‘டீச்சர்’ என்று கூப்பிடுவார்கள். அவர் செய்யும் வேலைக்கு ஊரில் வேறு பெயர் கிடையாது. அவருடைய அம்மாவே கேட்பவர்களிடம் “ஏதோ ஆபீஸ்ல இருக்கா” என்றுதான் சொல்வாராம்.

‘சமூக சேவகர்’ என்ற சொல்லுக்கு மட்டும் மதுரையில் பஞ்சமே இல்லை. காதணி விழா பிளக்ஸில் வட்டச் செயலாளர் பெயருக்கு முன்னால் அது இருக்கும். சித்திரையில் நீர்மோர்ப் பந்தல் வைப்பவரும் சமூக சேவகர், ஆதரவற்ற உடல்களை அடக்கம் செய்பவரும் சமூக சேவகர். அவர்களில் உண்மையாக உழைப்பவர்கள் நிறையப் பேர் உண்டு, குறை சொல்லவில்லை. ஆனால் சேவை என்றால் சம்பளம் எதிர்பார்க்காமல் மனசார செய்வது என்று ஒரு பொருள் கூடவே வந்துவிடுகிறது. சமூகப் பணி அப்படியல்ல. படித்து, களப்பயிற்சி எடுத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் கோப்பு வைத்து, மேற்பார்வைக்குப் பதில் சொல்லி, சம்பளத்துக்குச் செய்யும் தொழில் அது. இந்தியாவில் இந்தப் படிப்பு 1936-இல் பம்பாயில் தொடங்கியது. 1952-இல் சென்னைக்கும், 1960களில் மதுரைக்கும் வந்துவிட்டது.

இத்தனை ஆண்டு ஆகியும் வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் எண், டாக்டருக்குப் பதிவு எண் இருப்பதுபோல இவர்களுக்கு எதுவும் இல்லை. தேசிய அளவில் தனி கவுன்சில் வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருக்கிறது, சட்டம் வரவில்லை. 2021-இல் வந்த துணை மருத்துவ, உடல்நலத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் மருத்துவ சமூகப் பணியாளர், மனநல சமூகப் பணியாளர் எல்லாம் இடம்பெற்றார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மனநல சமூகப் பணியாளர் என்றால் யார், என்ன படித்திருக்க வேண்டும் என்று வரையறையே கொடுக்கிறது. அதெல்லாம் மருத்துவமனைப் பக்கம். எங்கள் பணியாளர் வேலை பார்ப்பது பஸ் நிறுத்தத்திலும் நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரையிலும்.

சான்றிதழுக்கு மூன்று மாதம் முன்பு

வைகாசி முகூர்த்தம் ஒன்றில் பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஏற்பாடாகியிருந்தது. வயது பதினைந்து முடிந்திருந்தது. தகவல் சொன்னவர் எங்கள் உள்ளூர்க் களப்பணியாளர். அவர் பட்டம் படிக்காதவர், அதே பகுதியில் வாக்கப்பட்டு வந்தவர், பத்து வருடமாக எங்களோடு இருப்பவர். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லி, சமூகநலத் துறை அலுவலரும் போலீசும் வந்து கல்யாணம் நின்றது. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்குப் பதினெட்டு ஆக வேண்டும். அதில் பேச்சுக்கு இடமில்லை.

கல்யாணத்தை நிறுத்துவது ஒரு நாள் வேலை. அதற்கு அப்புறம்தான் சமூகப் பணி தொடங்குகிறது. பந்தலுக்குக் கொடுத்த முன்பணம் போனது, வாங்கிய கடன் நிற்கிறது, சொந்தக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த வீட்டுக்குப் பணியாளர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போனார். முதல் இரண்டு தடவை வாசலோடு சரி. பெண்ணை பிளஸ் ஒன் சேர்ப்பதற்கு அப்பாவிடம் பேசிப் பலனில்லை என்று தெரிந்து, அப்பத்தாவைப் பிடித்தார். அவரோடு நூறு நாள் வேலைத் தளத்தில் உட்கார்ந்து பேசிப் பேசியே ஆனியில் பள்ளியில் சேர்த்தாயிற்று. அந்த வீட்டில் “டீத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க டீச்சர்” என்ற பேச்சு வந்தது ஆடி பிறந்த பிறகுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 15 ஆடிக் கடைசி.

விண்ணப்பப் படிவத்தில் கவனித்தது

ஜூன் கடைசியில் ஒரு துறை அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது. வகை என்ற இடத்தில் ‘சமூக சேவகர்’ என்று அச்சாகியே இருந்தது. சேவை ஆற்றிய ஆண்டுகள், பயனடைந்தோர் எண்ணிக்கை, பத்திரிகைச் செய்தி நறுக்குகள், பயனாளிகளுடன் எடுத்த புகைப்படங்கள், குற்ற வழக்கு எதுவும் இல்லை என்ற காவல்துறைச் சான்று, எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. கல்வித் தகுதிக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை.

அன்று அதைச் சிரித்துக்கொண்டே கடந்தோம். இப்போது பார்த்தால், முழுப் பிரச்சினையும் அந்தத் தாளிலேயே இருந்தது. ஒரு சமூகப் பணியாளரின் நல்ல வேலை பெரும்பாலும் வெளியே தெரியாத வேலை. கோப்பு பூட்டிய அலமாரியில் இருக்கும், வீட்டுக்குப் போனதே பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. படமும் நறுக்கும் கேட்கும் படிவம், அதை மறைக்கத் தெரியாதவருக்குத்தான் மதிப்பெண் போடுகிறது.

முதல் முடிவு: யாரைப் பரிந்துரைப்பது

அலுவலகக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் இதிலேயே போனது. குழுவாக விண்ணப்பிக்க வழியில்லை, ஒரு பெயர்தான். நான் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர் பெயரைச் சொன்னேன். தொழில் என்ற முறையில் அங்கீகாரம் வேண்டுமென்றால், அந்தத் தொழிலைப் படித்தவர் போய் மேடையில் நிற்கட்டும் என்பது என் வாதம். எங்கள் நிர்வாகக் குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர், “புல்லுச்சேரி சின்னப்பிள்ளை எந்தக் காலேஜ்ல படிச்சாங்க?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியாத கேள்விதான். களஞ்சியம் என்ற மகளிர் சுயஉதவிக் குழு இயக்கத்தின் தலைவியான அந்த விவசாயக் கூலிப் பெண் விருது வாங்கப் போனபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலில் விழுந்து வணங்கியது மதுரையில் எல்லாருக்கும் தெரியும். 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது.

ஆனால் அது மக்களிடமிருந்தே எழுந்த ஒரு தலைவிக்குக் கிடைத்த மரியாதை. நாங்கள் பேசிக்கொண்டிருந்தது ஒரு வேலைக்குக் கிடைக்க வேண்டிய மரியாதையைப் பற்றி. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்று சொன்னேன். அதோடு இன்னொன்றும் சொன்னேன். இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன்படி சிறார் மீதான வழக்குகளை விசாரிக்கும் ஒவ்வொரு இளைஞர் நீதிக் குழுமத்திலும் நீதித்துறை நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்கார வேண்டும். அவர்களுக்கான தகுதி, குழந்தைகள் நலத்தில் ஏழு ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும், அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் ஒன்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவராக இருக்க வேண்டும் என்பது. அந்தப் பட்டியலில் சமூகப் பணிப் பட்டம் இல்லை. பதவியின் பெயர் சமூகப் பணியாளர், ஆனால் சமூகப் பணிப் படிப்பு கணக்கில் வரவில்லை. இப்படி விட்டுப்போனதால்தான் இந்தத் தடவையாவது படித்தவர் பெயர் போகட்டும் என்றேன்.

கூட்டம் ஒத்துக்கொண்டது. உள்ளூர்க் களப்பணியாளர் அன்று எதுவும் பேசவில்லை. பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பத்து வருடமாக அவரைத் தெரிந்தும் அப்படி எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது முடிவு: படம் கொடுப்பதில்லை

இதில் பணியாளர் உறுதியாக இருந்தார். பயனாளிகள் படம் ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன், படம் இல்லாமல் வாங்கினால் வாங்குவோம் என்றார். கல்யாணத்துக்கு நெருங்கிய ஆபத்தில் இருக்கும் குழந்தை, இளைஞர் நீதிச் சட்டப்படி பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தை. அந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அப்படிப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் தெரிய வைக்கும் வேறு எந்த விவரமும் செய்தியில் வெளிவரக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எங்கள் விண்ணப்பத்தில் பயிற்சி வகுப்புப் படங்களும், முகம் தெரியாத கூட்டப் படங்களும் மட்டும் போயின.

அந்தப் பிரிவை நான் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். வாசித்த நானே விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில், “தடுத்து நிறுத்திய குழந்தைத் திருமணங்கள்: நான்கு” என்று எழுதி, பணி எத்தனை தூரம் பரவியிருக்கிறது என்று காட்ட ஊராட்சிகளின் பெயர்களையும் சேர்த்திருந்தேன். வைகாசியில் அந்த ஊராட்சியில் நின்றது ஒரே ஒரு கல்யாணம். அடையாளத்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? தட்டச்சு செய்தவர், சரிபார்த்தவர், பணியாளர், யார் கண்ணிலும் படவில்லை. படத்தையே காவல் காத்துக்கொண்டிருந்தோம்.

விழா நாள்

பெயர் வாசித்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் ஒலிபெருக்கியில் எங்கள் மூன்றாம் பக்கத்து வரியும் ஊராட்சிப் பெயர்களோடு போனது. சான்றிதழில் ‘சிறந்த சமூக சேவகி’ என்று அழகான எழுத்தில் இருந்தது. அவர் அதைப் பார்த்து, “பதினாலு வருசமா நான் சமூகப் பணியாளர்னு எழுதிக் கையெழுத்துப் போடுறேன் சார்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் எல்லாருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார். அவருடைய அம்மா விழாவுக்கு வந்திருந்தார், அன்று முழுக்க சான்றிதழ் அவர் மடியிலேயே இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த சில நாட்கள்

மறுநாள் ஒரு நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரிச் செய்தி வந்தது. அதை வைத்து ஊர் இளைஞர் மன்றத்துப் பையன்கள் ஆசையாக ஒரு பிளக்ஸ் அடித்து பஸ் நிறுத்தத்தில் கட்டிவிட்டார்கள். பணியாளர் முகம் பெரிதாக, கீழே ‘எங்கள் ஊரில் குழந்தைத் திருமணத்தைத் தடுத்து நிறுத்திய சமூக சேவகி’. பஸ் ஏறும் ஒவ்வொருவரும் பார்க்கும் உயரம்.

அந்தப் பெண்ணின் அப்பா அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. “எங்க வீட்டு மானத்த வச்சுத்தான் ஒங்களுக்குப் பட்டயம் குடுத்தாகளா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அடுத்த நாளிலிருந்து பெண் பள்ளிக்கு வரவில்லை.

இங்கே ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உசிலம்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வரும். 1980களில் பெண்சிசுக் கொலை பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகள் அப்படிப் பதிந்துவிட்டன. கொடுமை நடந்தது உண்மை. ஆனால் எழுதியவர்களும் திட்டம் போட்டவர்களும் பேர் வாங்கிக்கொண்டு போக, பழி மட்டும் ஊரோடு தங்கிவிட்டது என்ற எண்ணம் இங்கே பழைய தலைமுறையிடம் பலமாக இருக்கிறது. அந்த மண்ணில் இப்படி ஒரு பிளக்ஸ் என்னவாகத் தெரியும் என்று யோசித்திருக்க வேண்டும்.

என்ன செய்தோம்

முதலில் பிளக்ஸ். பையன்களிடம் நான் பேசிப் பார்த்தேன், முகம் வாடிவிட்டது. காசு போட்டவர்கள் அவர்கள். கடைசியில் பணியாளரே போய், “எனக்குப் பிடிச்சிருக்குப்பா, ஆனா ஒரு பிள்ளைக்குப் படிப்பு போயிரும்” என்று சொல்ல, மூன்றாம் நாள் ராத்திரி அவர்களே அவிழ்த்துவிட்டார்கள்.

இரண்டாவது, அந்த வீட்டுக்குப் பணியாளர் போகக் கூடாது என்று முடிவெடுத்தேன். கோபம் அவர் முகத்தின் மேல் இருக்கிறது, கொஞ்ச நாள் உள்ளூர்க் களப்பணியாளர் போகட்டும் என்று கணக்கு. அவரைக் கேட்டபோதுதான் ஜூலையில் விழுங்கிய பேச்சு வெளியே வந்தது. “தகவல் சொன்னது நான், ராத்திரி ஒளிஞ்சு நின்னு போன் பண்ணது நான். மேடைக்கு அவுக, திட்டு வாங்க நானா சார்?” நியாயமான கேள்வி. மன்னிப்புக் கேட்டேன். அவர் போனார், ஆனால் அந்த வீட்டில் கதவு திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் பணியாளர் என்னைக் கேட்காமலே கண்மாய்க் கரைக்குப் போய் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஊர் பேர் வெளியே போனது எங்கள் தப்பு, தெரியாமல் நடந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்பத்தா ரொம்ப நேரம் பேசவில்லையாம். அப்புறம், “பேப்பர்ல எங்க ஊரு பேரு வந்தா என்னைக்கு நல்லதுக்கு வந்துச்சு?” என்று மட்டும் கேட்டாராம். மூன்று நாள் கழித்துப் பெண் பள்ளிக்கு வந்தாள், எட்டு நாள் வருகை போயிருந்தது. தலைமையாசிரியை கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டார்.

நான் போட்ட தடையை மீறித்தான் அது சரியானது. கோபம் ஆறும்வரை ஒதுங்கு என்பது நிர்வாகத்துக்கு வசதியான முடிவு. உறவை உண்டாக்கியவர்தான் அதைப் போய்ச் சரிசெய்ய முடியும் என்பது அவருடைய தொழில் தீர்ப்பு. அவர் தீர்ப்பே சரி.

மற்ற விளைவுகள்

சான்றிதழ் வாங்கிய செய்தி பரவியதும் அலுவலக வாசலில் மனுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம். சேவகி என்றால் எல்லாம் செய்பவர் என்று ஆகிவிட்டது. சுமார் ஒரு மாதம் வாரத்தில் இரண்டு நாள் இதற்கே போனது. ஒருவரையும் வெறுமனே திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. வீட்டுச் சந்திப்புகள்தான் குறைந்தன, பதிவேட்டைப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது.

ஊதிய உயர்வுப் பேச்சு வந்தபோது நிர்வாகக் குழுவில் ஒருவர், “அதான் கவுரவம் பண்ணியாச்சே” என்றார். அந்த ஆண்டு உயர்வு தள்ளிப்போனது. இதைப் பற்றி நான் அதிகம் எழுத வேண்டியதில்லை.

சான்றிதழில் சொல்லைத் திருத்தித் தர முடியுமா என்று அலுவலகத்துக்கு எழுதினோம். வகையின் பெயர் அப்படித்தான் என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. அங்கே இருந்தவர் அன்பாகத்தான் பேசினார், அவர் கையில் எதுவும் இல்லை.

கார்த்திகையில் நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும் விளங்க வைத்தது. வேறொரு வழக்கில், அடிபட்ட ஒரு பெண்ணோடு ராத்திரி ஒன்பது மணிக்குப் பணியாளர் காவல் நிலையம் போனார். பாராவில் இருந்தவர், “நீங்க யாரும்மா, வக்கீலா?” என்று கேட்டிருக்கிறார். நிறுவன அடையாள அட்டையைக் காட்டினால் கண்டுகொள்ளவில்லை. சரி என்று செல்போனில் இருந்த சான்றிதழ்ப் படத்தைக் காட்டியிருக்கிறார். “சமூக சேவகியா? சரி, காலைல வாங்க.”

அரசு முத்திரையோடு மேடையில் கொடுத்த தாள், அரசின் இன்னொரு வாசலில் அவரை வெளியே நிற்க வைத்தது. நன்கொடையாளர் போல, நலம் விசாரிக்க வந்தவர் போல ஆகிவிட்டார். நான் போன் செய்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர் பேசி, பத்தரை மணிக்கு உள்ளே விட்டார்கள்.

இப்போது செய்தால் என்ன மாற்றுவோம்

விருதே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அவருடைய அம்மா இப்போது “என் மக சமூகப் பணியாளர்” என்று சொல்கிறார், சான்றிதழில் அப்படி இல்லாவிட்டாலும். அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் விண்ணப்பத்தை, மேடையில் ஒலிபெருக்கியில் வாசிக்கப்போகும் தாள் என்று நினைத்து எழுதுவேன். ஊராட்சிப் பெயர் போகாது, எண்ணிக்கை மாவட்ட அளவில்தான் இருக்கும். நான்கு கல்யாணம் தடுத்தார் என்பதற்குப் பதில், நிறுத்திய பிறகு பிள்ளைகளைப் பள்ளியில் வைத்திருக்க என்ன செய்கிறார் என்று எழுதுவேன். தொழில் அதுதானே. அனுப்புவதற்கு முன்னால் உள்ளூர்க்காரர் ஒருவர் படிக்க வேண்டும் என்று விதியே வைத்துவிட்டோம். முதல் தடவை அதைப் படித்தவர் அந்த உள்ளூர்க் களப்பணியாளர்தான். ஐந்து நிமிடத்தில் இரண்டு இடத்தைச் சுழித்துக் கொடுத்தார்.

படித்தவர், படிக்காதவர் கேள்விக்கு எனக்கு இன்னும் முழுப் பதில் இல்லை. தொழிலுக்குப் பதிவும் கவுன்சிலும் வரும் நாளில் அந்த உள்ளூர்க் களப்பணியாளர் எந்தப் பக்கம் நிற்பார் என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. மார்ச் மூன்றாம் செவ்வாய் உலக சமூகப் பணி நாள். அடுத்த மார்ச்சில் எங்கள் அலுவலகத்தில் அதைக் கொண்டாடியபோது அவரைத்தான் பேசச் சொன்னோம். “எனக்கு டிகிரி இல்ல, வேலை இருக்கு” என்று தொடங்கினார். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்தான் முதலில் கை தட்டினார்.

இப்போதைய நிலை

கார்த்திகைச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் விருதுகளை விட்டுவிட்டு ஒரே ஒரு தாளைத் துரத்தினோம். இன்னார், இந்தப் பகுதியில் குழந்தைப் பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டுள்ள சமூகப் பணியாளர், இவருக்குக் காவல் நிலையங்களும் மருத்துவமனைகளும் ஒத்துழைக்க வேண்டும் என்று ஒரு கடிதம். ஐந்து முறை அலைந்தோம். வாசகத்தில் ‘சமூக சேவகர்’ என்று தட்டச்சாகி வந்ததை ஒருமுறை திருப்பிக் கொடுத்து மாற்றினோம். இரண்டு பேர் பெயருக்கும், படித்தவருக்கும் உள்ளூர்க்காரருக்கும், தனித்தனியாக வாங்கினோம்.

பெண் இப்போது பிளஸ் டூ. பிரேம் போட்ட சான்றிதழ் பணியாளரின் அம்மா வீட்டுச் சுவரில் இருக்கிறது. கடிதத்தை அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறார். சென்ற மாதம் அதே காவல் நிலையத்தில் பாராவில் இருந்த ஏட்டு அதை இரண்டு முறை படித்துவிட்டு, “உள்ள போங்கம்மா” என்றாராம். கடிதம் மார்ச் 31 வரை செல்லும். புதுப்பிக்க எழுதிக் கொடுத்திருக்கிறோம்.